கோச் ஜெபம் பண்ணும்போது பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இந்த வருடம்தான் ஸ்கூல் வாலிபால் டீமில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் கோச் அம்மா பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, கைகோக்கச் சொல்லி, ஜெபம் செய்து, ‘இயேசுவின் நாமத்தில் ஆமென்’ என்று முடிக்கிறார். மகள் தலையைக் குனிந்து நிற்கிறாள். போன வாரம் காரில் வரும்போது, “அம்மா, ஆமென் சொல்லலேன்னா கோச் கோவிச்சுக்குவாங்களா?” என்று கேட்டாள்.

என் கணவர் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர். “பத்து வருஷம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ சொன்னேன், என்ன குறைஞ்சு போச்சு, விடு” என்கிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், சுப்ரீம் கோர்ட்டே கோச் ஜெபம் பண்ணலாம் என்று சொல்லிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். இன்னொருவர், அப்படியானால் ஒரு மேட்சுக்கு நம் சுலோகம் சொல்லக் கேளுங்கள் என்கிறார். ஸ்கூலில் ஜெப நேரத்துக்கு ஏதோ படிவம் வரும் என்றும் பேச்சு. எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. புகார் செய்தால் சிக்கலா? தீபாவளிக்கு லீவு எடுத்தால் அட்டெண்டன்சில் கை வைப்பார்களா?

— ஓர் அம்மா, டெக்சாஸ்

பதில்: உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவள் கேள்விதான் இதில் முக்கியம். அவள் ஆமென் சொல்ல வேண்டியதில்லை. கைகோக்க வேண்டியதில்லை, தலை குனிய வேண்டியதும் இல்லை. கோச் கோவித்துக்கொள்வாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அரசுச் சம்பளம் வாங்கும் ஒரு கோச், டீமைக் கூட்டி நிறுத்தி ஜெபம் நடத்தக் கூடாது. டெக்சாஸில் இதை நீங்கள் புதிதாக வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதையே உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்து, தீர்ப்பும் வந்து முப்பது வருடம் ஆகிறது.

டங்கன்வில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், டாலஸுக்குத் தென்மேற்கே இருக்கிற ஊர். அங்கே ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்தாள். வயது 12. மேட்ச் முடிந்ததும் பிள்ளைகள் ஆடுகளத்தின் நடுவில் மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றிக் குனிவார்கள். கோச் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பார். எல்லோரும் ஜெபம் சொல்வார்கள். உங்கள் கணவர் பள்ளியில் சொன்ன அதே ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’தான். வெளியூர் மேட்சுக்குக் கிளம்பும்போதும் ஜெபம் உண்டு. டீமில் தான் மட்டும் தனித்துத் தெரிய வேண்டாம் என்று அந்தப் பிள்ளையும் முதலில் சேர்ந்துதான் சொன்னாள். அப்புறம் அப்பாவிடம் சொன்னாள். இஷ்டமில்லை என்றால் சேர வேண்டாம் என்றார் அவர். அவள் ஒதுங்கி நின்றாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் ‘நீ கிறிஸ்டியன் இல்லையா?’ என்று கேட்டார்கள். மேட்ச் பார்க்க வந்த ஒருவர் எழுந்து, அவள் ஏன் ஜெபம் பண்ணவில்லை என்று சத்தம் போட்டார். சரித்திர டீச்சர் வகுப்பிலேயே அவளைக் ‘குட்டி நாத்திகவாதி’ என்றார்.

டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்று மாநிலங்களுக்கும் மேலே இருக்கிற ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் தாங்களாக ஜெபம் செய்துகொள்ளலாம், அதைப் பள்ளி தடுக்க முடியாது. ஆனால் பள்ளி ஊழியர்கள் அதை நடத்தவோ, அதில் சேர்ந்துகொள்ளவோ கூடாது. ஐந்தாவது வட்டம் அமெரிக்காவிலேயே பழமைவாதப் போக்குள்ள நீதிமன்றங்களில் ஒன்று. அங்கிருந்தே இது வந்தது என்பதை வாட்ஸ்அப் நண்பரிடம் சொல்லுங்கள்.

நண்பர் சொல்வதும் முழுப் பொய்யில்லை. அவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். 2022 ஜூன் 27-ஆம் தேதி வந்த ‘கென்னடி எதிர் பிரெமர்டன் பள்ளி மாவட்டம்’ தீர்ப்பைச் சொல்கிறார். ஜோசஃப் கென்னடி வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமின் உதவிக் கோச். 2008-இல் சேர்ந்ததிலிருந்து, மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டு ஜெபம் செய்வார். நாளடைவில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். லாக்கர் ரூமில் டீம் ஜெபமும் இருந்தது. 2015-இல் பள்ளி நிர்வாகம் ஆட்சேபித்தது. அவர் லாக்கர் ரூம் ஜெபத்தை விட்டுவிட்டார், பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையோடு ஜெபத்தைக் கலப்பதையும் விட்டுவிட்டார். மேட்ச் முடிந்தபின் மைதானத்தில் மண்டியிடுவதை மட்டும் விட மாட்டேன் என்றார். நிர்வாகம் அவரை விடுப்பில் அனுப்பியது, அவர் வழக்குப் போட்டார்.

உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் நின்றது. ஆனால் நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பு எதைப் பற்றியது என்று பாருங்கள். 2015 அக்டோபரில் 3 மேட்சுகளுக்குப் பிறகு, பிள்ளைகள் வேறு வேலையில் இருந்தபோது, ஒரு மனிதர் தனியாக அமைதியாகச் செய்த ஜெபம். அது தனிமனிதரின் ஜெபம், அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். மறுத்து எழுதிய நீதிபதி சோட்டோமயோர், ‘தனியாகவா?’ என்று கேட்பதுபோல், கோச்சைச் சுற்றிப் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கும் புகைப்படங்களையே தன் தீர்ப்புக்குள் வைத்துவிட்டார். எனக்கும் அந்தப் படங்களைப் பார்த்தபின் ‘தனியாக’ என்பதை முழுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பெரும்பான்மைத் தீர்ப்பே, அவர் கைவிட்ட லாக்கர் ரூம் ஜெபத்தை ஆதரித்து ஒரு வரி எழுதவில்லை. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது வேறு விஷயம் என்று கோடு போட்டுத்தான் அவரை ஜெயிக்கவைத்தது.

ஒரு வக்கீலாக நான் இதையும் சொல்லியாக வேண்டும். கென்னடி தீர்ப்பு, அதுவரை நீதிமன்றங்கள் பயன்படுத்திவந்த ‘லெமன்’ என்கிற, அரசு மதத்துக்கு ஆதரவு தருகிறதா என்று அளந்து பார்க்கும் பழைய அளவுகோலைத் தூக்கிப்போட்டுவிட்டது. டங்கன்வில் தீர்ப்பின் வாதங்களில் சில அந்த அளவுகோலை நம்பி எழுதியவை. அவற்றை இன்று எடுத்துவைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். ஆனால் மேட்சுக்கு முன்னால், டீம் கடமையின் நடுவில், யார் ஆடுவது யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்கிறவரே வட்டத்தில் நின்று ‘கைகோத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கும், மேட்ச் முடிந்தபின் ஒருவர் தானாக மண்டியிடுவதற்கும் இருக்கிற தூரத்தை எந்த நீதிபதிக்கும் நான் பயப்படாமல் காட்டுவேன். சுவாரசியத்துக்கு ஒரு தகவல்: கென்னடிக்காக வழக்கை நடத்திய ஃபர்ஸ்ட் லிபர்ட்டி அமைப்பின் தலைமையகம் உங்கள் பக்கத்துப் பிளேனோவில்தான் இருக்கிறது. உங்கள் பள்ளி மாவட்டத்தின் (உங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) வக்கீல் அந்தத் தீர்ப்பை வரிக்கு வரி படித்திருப்பார், கவலை வேண்டாம்.

டெக்சாஸில் இன்னொரு பெரிய வழக்கும் உண்டு. ஹூஸ்டனுக்குத் தெற்கே சாண்டா ஃபே. அங்கே ஃபுட்பால் மேட்சுக்கு முன்னால் மாணவர் ஒருவர் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வார். சொல்லலாமா, யார் சொல்வது என்று மாணவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யும் ஏற்பாடு. ஓட்டெடுப்பு நடந்திருக்கிறது, சொல்வது மாணவர், பிறகென்ன என்றது பள்ளி. 2000-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் தடுத்தது. மைதானம் பள்ளியுடையது, மைக் பள்ளியுடையது, அந்தக் குரல் பள்ளியின் குரலாகத்தான் காதில் விழும் என்றது. சிறுபான்மையின் நம்பிக்கையை ஓட்டுக்கு விட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்ட குடும்பங்கள் யார் தெரியுமா? ஒன்று கத்தோலிக்கக் குடும்பம், இன்னொன்று மார்மன் குடும்பம். இரண்டு வீட்டிலும் தினமும் ஜெபம் நடந்திருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தை ‘கிறிஸ்தவர்களுக்கும் நமக்கும்’ என்று நம் ஆட்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சண்டை தொடங்கியதே கிறிஸ்தவர்களுக்குள்தான். 1844-இல் ஃபிலடெல்ஃபியாவில், அரசுப் பள்ளியில் எந்த மொழிபெயர்ப்பு பைபிளைப் படிப்பது என்பதில் புராட்டஸ்டன்டுகளுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் கலவரம் மூண்டது. மாதா கோயில்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசு ஜெபம் என்று ஒன்று வந்தால் யாருடைய ஜெபம் என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடும். அதை அவர்கள் ரத்தம் சிந்தித்தான் தெரிந்துகொண்டார்கள்.

அதனால்தான் ‘ஒரு மேட்சுக்கு நம் சுலோகம்’ என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அப்படிக் கேட்கிற நிமிடமே, கோச் பிள்ளைகளை நிறுத்திவைத்து ஜெபம் நடத்தலாம் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். முறை மட்டும்தான் பாக்கி. அந்த டீமில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருக்கலாம், யூதப் பிள்ளை இருக்கலாம், சாமியே வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளை இருக்கலாம். ‘கஜானனம்’ சொல்லும்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து நிற்கும், வீட்டுக்குப் போகும் வழியில் தன் அம்மாவிடம் உங்கள் மகள் கேட்டதையே கேட்கும். 1962-இல் ‘எங்கெல் எதிர் விட்டாலே’ வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் இதுபோன்ற ஒரு நல்லெண்ண ஜெபத்தால்தான். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியமே எழுதிக் கொடுத்த ஜெபம், ஆங்கிலத்தில் 22 சொற்கள். இயேசுவின் பெயர் இல்லை, எந்த மதத்தின் பெயரும் இல்லை. ‘எல்லாம் வல்ல இறைவா, எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதியும்’ என்கிற அளவில்தான் இருந்தது. பிடிக்காத பிள்ளை சொல்லாமல் இருக்கலாம், வெளியே போய் நிற்கலாம் என்றும் விதி இருந்தது. அப்படியும் செல்லாது என்றது நீதிமன்றம். ஜெபம் எழுதுவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றது. அடுத்த வருடம், 1963-இல், பென்சில்வேனியாவில் தினமும் பைபிளிலிருந்து 10 வசனம் வாசிக்கும் வழக்கத்துக்கும் அதே கதிதான்.

சரி, உங்கள் கணவர் கட்சி. அவர் சொல்வதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் திருச்சியிலும் கிறிஸ்தவப் பள்ளியில் படித்து, காலையில் கர்த்தர் ஜெபமும் மாலையில் வீட்டில் கந்த சஷ்டி கவசமும் சொல்லி வளர்ந்த தலைமுறைகள் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு அந்தப் பள்ளிகள் மேல் இருக்கிற நன்றி நிஜமானது. ஆனால் அவருடைய அப்பா அம்மா அந்தப் பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்தே, விரும்பி, சில வேளை சிபாரிசு பிடித்துச் சேர்த்திருப்பார்கள். உங்கள் மகள் படிப்பது சொத்து வரியில் நடக்கும் பள்ளி. வீடு எங்கே இருக்கிறதோ அந்தப் பள்ளிதான். இங்கே ஒரு கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் நீங்களே பணம் கட்டிச் சேர்த்திருந்தால், இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே வேலையில்லை.

அப்புறம், இந்தியாவிலும் உங்கள் கணவர் நினைக்கிற மாதிரி கேள்வி கேட்க வழியில்லாமல் இல்லை. நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனையே கூடாது என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் நடக்கும் வழிபாட்டுக்கு, பிள்ளை சிறுவயது என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வரச் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தச் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதில்லை, வண்டி ஓடிவிடுகிறது. உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சந்தோஷம்தான். ஆனால் இப்போது தலையைக் குனிந்து நிற்பது அவர் இல்லை, அவர் மகள். அவளுக்கு அது உறுத்துகிறது என்று அவளே சொல்லிவிட்டாள்.

இனி செய்ய வேண்டியது. எதையும் அனுப்புவதற்கு முன் மகளிடம் பேசுங்கள். பெயர் போடாமல் எழுதலாம்தான், ஆனால் அந்த டீமில் அவள் ஒருத்திதான் இந்தியப் பிள்ளை என்றால் பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. டீமிலும் லாக்கர் ரூமிலும் பஸ்ஸிலும் அதைச் சமாளிக்கப் போகிறவள் அவள். ‘வேண்டாம்மா, நான் ஜெபம் நடக்கும்போது தண்ணி குடிக்கப் போயிடறேன்’ என்று அவள் சொன்னால், இந்த சீசன் அப்படியே போகட்டும் என்று விடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. டங்கன்வில் பிள்ளைக்கு நடந்ததை மேலே விரிவாக எழுதியது அதற்காகத்தான். வழக்கில் ஜெயிப்பது வேறு, ஏழாம் வகுப்பை நிம்மதியாகக் கடப்பது வேறு.

‘எழுதும்மா’ என்று அவள் சொன்னால், பிரின்சிபாலுக்கு ஒரு மின்னஞ்சல், பிரதி விளையாட்டு ஒருங்கிணைப்பாளருக்கு. ஆறு வரிக்கு மேல் வேண்டாம். கோச் நல்ல பயிற்சி தருகிறார், மகள் சந்தோஷமாக ஆடுகிறாள் என்று ஆரம்பியுங்கள் (நிஜம் என்றால் மட்டும்). எந்தத் தேதி மேட்சில், எங்கே, என்ன நடந்தது என்று இரண்டு வரி. பிள்ளைகள் தாங்களாக ஜெபம் செய்வதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை, கோச் அதை நடத்துவதும் அதில் சேர்வதும்தான் பிரச்சினை என்று ஒரு வரி. கடைசியாக, இதை எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள் என்று கேளுங்கள். தீர்ப்புகளின் பெயரையெல்லாம் போட வேண்டாம். வக்கீல் சொன்னார் என்று என்னை இழுக்கவும் வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் யாராவது இதைப் படித்து, அந்தக் கோச்சுக்கு ஒரு போன் போட்டு, அடுத்த வாரமே விஷயம் முடிந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பல கோச்சுகளுக்கு இது தப்பு என்றே தெரியாது. தான் படித்த காலத்தில் தன் கோச் செய்ததைச் செய்துகொண்டிருப்பார்கள்.

பதில் வராவிட்டால், அல்லது ‘பிடிக்காவிட்டால் தள்ளி நிற்கட்டும்’ என்று பதில் வந்தால், உங்கள் மாவட்ட இணையதளத்தில் பெற்றோர் புகார் விதியைத் தேடுங்கள். டெக்சாஸ் மாவட்டங்களில் அதற்கு வழக்கமாக எஃப்.என்.ஜி என்று குறியீடு இருக்கும். பிரின்சிபால், அதற்கு மேல் கண்காணிப்பாளர் அலுவலகம், கடைசியில் ஸ்கூல் போர்டு என்று படிப்படியாகப் போகும். கால வரம்பு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். வெளி உதவி வேண்டுமென்றால் குடிமக்கள் உரிமைகளுக்காக வாதாடும் அமைப்பான ஏசிஎல்யுவின் டெக்சாஸ் கிளை இந்த மாதிரி விஷயங்களைக் கேட்கும், கட்டணம் இல்லை. இன்னொன்று: மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்னால் மகள் ஏ டீமா பி டீமா, எத்தனை செட் ஆடுகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் திடீரென்று பெஞ்சில் உட்காரவைத்தால், அதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழி இருக்காது. இருந்தாலும் நிரூபிப்பது கஷ்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கோச் விலகிக்கொண்ட அடுத்த மேட்சிலேயே பிள்ளைகள் தாங்களாக வட்டம் போட்டு, கேப்டன் ஜெபம் சொல்லலாம். கோச் தள்ளி நிற்பார். அப்போது உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது அவர்கள் உரிமை. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை ஸ்கூல் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நின்று ஜெபம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். 1990-இல் ஃபோர்ட் வொர்த் பக்கத்துப் பர்ல்சனில் தொடங்கிய வழக்கம் அது, இன்று நாடு முழுக்க நடக்கிறது. பிள்ளைகளே நடத்தும்வரை அதில் தப்பே இல்லை.

அதே உரிமை உங்கள் மகளுக்கும் இருக்கிறது. சர்வீஸ் போடுவதற்கு முன் ‘முருகா’ என்று சொல்லிக்கொள்ளலாம். விபூதி இட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகலாம். அதை அழித்துவிட்டு வா என்று யாராவது சொன்னால், ஹூஸ்டன் பக்கத்து நீட்வில் ஊர்ச் சிறுவனின் வழக்கை நினைவுபடுத்துங்கள். அமெரிக்கப் பூர்வகுடிக் குடும்பத்துப் பையன், மத நம்பிக்கையால் முடி வெட்டாதவன். பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வா என்றது பள்ளி. 2010-இல் அதே ஐந்தாவது வட்ட நீதிமன்றம், டெக்சாஸின் மத சுதந்திரச் சட்டத்தை வைத்துப் பையன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

விசா பயம். இந்தக் காலத்தில் அது வருவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிரின்சிபாலுக்கு எழுதும் கடிதம் குடியேற்றத் துறைக்குப் போகும் காகிதம் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ‘ஸ்கூலில் புகார் கொடுத்ததுண்டா?’ என்ற கேள்வியும் இல்லை. பேச்சுரிமையும் மத உரிமையும் இங்கே வாழ்கிற எல்லோருக்கும்தான். ஆவணங்களே இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் டெக்சாஸில் டைலர் ஊரிலிருந்து போன வழக்கில்தான். நீங்கள் முறையான விசாவில் இருக்கிறீர்கள்.

ஜெப நேரப் படிவம் வேறு சமாசாரம். அது 2025-இல் வந்த டெக்சாஸ் சட்டம், எஸ்.பி. 11. பள்ளியில் தினமும் ஜெபத்துக்கும் மத நூல் வாசிப்புக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஸ்கூல் போர்டும் 2026 மார்ச் 1-க்குள் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும் என்றது. உங்கள் போர்டு என்ன முடிவெடுத்தது என்று கூட்டக் குறிப்பில் இருக்கும். ‘வேண்டாம்’ என்றிருந்தால் படிவமே வராது. ‘சரி’ என்றிருந்தால், பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளைகள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். பாட நேரத்தில் வைக்கக் கூடாது, ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது, படிவம் தராத பிள்ளைகள் முன்னால் நடத்தவும் கூடாது. ஆக, சும்மா இருந்தாலே போதும். உங்கள் கணவர்தான் ‘இதிலென்ன இருக்கு’ என்று கையெழுத்துப் போட்டுவிடப் போகிறார். அந்தப் படிவத்தில், இதன்பேரில் பள்ளிமேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் ஒரு வாசகம் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகளை ஒட்டச் சொல்லும் எஸ்.பி. 10 அதே ஆண்டுச் சட்டம்தான், அதன்மேல் உடனே வழக்குகளும் பாய்ந்தன. அதை உங்கள் மின்னஞ்சலில் கலக்காதீர்கள். கலந்தால் பிரின்சிபால், ‘அது மேலிடத்து விஷயம்’ என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் அனுப்பிவிடுவார்.

தீபாவளி லீவு சுலபம். டெக்சாஸ் கல்விச் சட்டம் 25.087 மதப் பண்டிகைக்கு விடுப்புத் தரச் சொல்கிறது. பண்டிகைக்காக வெளியூர் போய்வரும் நாளும் இதில் சேரும். முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அட்டெண்டன்சில் வந்ததாகவே கணக்கு, விட்ட பாடத்தையும் தேர்வையும் பிறகு முடித்துக்கொடுக்க நேரம் தர வேண்டும். ‘உங்கள் பண்டிகை எங்கள் காலண்டரில் இல்லையே’ என்று அலுவலகத்தில் சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் மகள் பாடுகிற பிள்ளையா? டிசம்பரில் ஸ்கூல் கொயரில் கிறிஸ்துமஸ் பாட்டு வந்தால், அதற்கும் இதே மின்னஞ்சலை அனுப்பிவிடாதீர்கள். டங்கன்வில் பிள்ளை கொயரிலும் இருந்தாள். ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கக்கடவர்’ என்கிற பைபிள் வரியில் அமைந்த பாட்டுத்தான் அந்தக் கொயரின் அடையாளப் பாட்டு. அதையும் நிறுத்தச் சொல்லி அவள் தரப்பு கேட்டது. மேற்கத்திய கொயர் இசையில் பெரும்பகுதி தேவாலயத்திலிருந்து வந்தது, நல்ல இசையைக் கற்றுக்கொடுப்பது ஜெபம் நடத்துவதாகாது என்று சொல்லி, அந்தக் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.